சுடுமண் உருவங்களும் உடன்புதைத்தலும்

இறந்த அரசருடன் உயிருள்ளவர்களைப் புதைக்கும் வழக்கத்துக்கு மாற்றாகவே சீனக் கல்லறைகளில் சுடுமண் உருவங்கள் வந்தன என்று, அவ்வுருவங்களைப் பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கி.மு. 621இல் இறந்த, பண்டைச் சீனாவின் சின் நாட்டை ஆண்ட மூ என்ற மன்னருடன் 177 பேர் மடிந்ததும், கி.மு. 384இல் அதே நாட்டில் அவ்வழக்கம் தடை செய்யப்பட்டதும் உண்மைதான். ஆனால், ஆயிரக்கணக்கான சுடுமண் வீரர்களைச் செய்வித்த முதற் பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் அடக்கத்தின்போதும், பிள்ளை பெறாத அந்தப்புரப் பெண்கள் சாகடிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார்.

கி.மு. 141இல் இறந்த ஹான் வம்சப் பேரரசர் ஜிங்கின் யாங்லிங் கல்லறையைக் கட்டுரை தொடாமல் விட்டது பெருங்குறை. அங்குள்ள உருவங்கள் சுமார் 60 செ.மீ. உயரமே உள்ளவை, கையும் ஆடையும் இன்றி நிற்பதால் அவை உடைந்தவை என்று எண்ணத் தோன்றும். உண்மையில், மரத்தால் செய்து பொருத்திய கைகளும் உடுத்தியிருந்த துணிகளும் மண்ணுக்குள் மக்கிப்போக, தோளில் கை பொருத்துவதற்கான துளை மட்டும் எஞ்சியிருக்கிறது. அவற்றோடு ஆடு, பன்றி, நாய், கோழி உருவங்களும் வரிசை வரிசையாக வைக்கப்பட்டிருப்பது (மறுமையிலும் அரண்மனை அடுப்பு அணையக் கூடாது போலும்!), காவல் படையை மட்டுமன்றி அரண்மனை வாழ்க்கை முழுவதையுமே நிலத்துக்கு அடியில் தொடரச் செய்யும் நோக்கத்தைக் காட்டுகிறது.