நூடுல்ஸ் டப்பாவைச் சங்கீதம் போலப் பாட

1966இல் இங்கிலாந்தில் ஒரு இசைத்தட்டு வந்தது. அபிங்டன் பள்ளி ஆசிரியர்கள் நாலு பேர், மாஸ்டர் சிங்கர்ஸ் என்ற பெயரில், அந்த நாட்டின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடை ஆங்கிலிக்கன் சான்ட்டில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையில் பைபிளின் சங்கீதங்களை நாலு குரலில் ஓதிப் பாடும் முறையில், பாடியிருந்தார்கள். தயாரித்தவர் பீட்டில்ஸ் தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 25ஆம் இடம் வரை ஏறியது. பிறகு வானிலை அறிக்கையையும் அதே பாணியில் பாடினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை குவையர்கள் (பாடகர் குழுக்கள்) கையில் கிடைத்ததையெல்லாம் சான்ட் ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்: வாஷிங் மெஷின் கையேடு, ரயில் நிலைய அறிவிப்பு, சமையல் குறிப்பு.

இதில் பெரும்பாலானவை இரண்டாவது நிமிடத்திலேயே சலித்துவிடுகின்றன. பாடுகிறவர்கள் சிரிப்பை வார்த்தையில் தேடுவதால்தான் இப்படி. வார்த்தையை மாற்றி ஜோக் சேர்க்கிறார்கள், மூக்கால் பாடுகிறார்கள், பாதிரியார் குரலை நடிக்கிறார்கள். எதுவும் தேவையில்லை. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல், கதீட்ரலில் மாலை ஆராதனைக்குப் பாடுவதுபோல அப்படியே சுத்தமாகப் பாடினால் சிரிப்பு தானாக வரும். அந்தச் சுத்தம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சான்ட்டின் உடம்பு. ஒற்றைச் சான்ட் என்றால் 7 பார் (இசையில் ஒரு கட்டம்), 10 கார்டு (நாலு குரலும் ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு). முதல் பாதியில் 3 பார், இரண்டாம் பாதியில் 4 பார். ஒவ்வொரு பாதியின் முதல் கார்டும் ஓதும் சுரம். அதில் எத்தனை வார்த்தை வேண்டுமானாலும் ஒரே சுருதியில் ஓதலாம். அதற்குப் பிறகு வருவதற்குக் கணக்கு உண்டு: முதல் பாதியில் இரண்டு சுரம் உள்ள ஒரு பாரும் ஒரு சுரத்தில் முடியும் பாரும். இரண்டாம் பாதியில் இரண்டு சுரப் பார் இரண்டு, பிறகு முடிவு. இரட்டைச் சான்ட் இதைப்போல் இரு மடங்கு, 14 பார், 20 கார்டு, இரண்டு வசனத்துக்கு ஒரு சுற்று. சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற நாலு குரலும் ஒரே அசையில் ஒன்றாக நகரும். அசை என்று இங்கே சொல்வது யாப்பிலக்கண அசையை அல்ல. ஒரு உயிரொலிக்கு ஒரு அசை, அவ்வளவுதான்.

உரைநடை எவ்வளவு நீளமானாலும் இந்த அச்சில் உட்கார்ந்துவிடும். சங்கீதங்கள் உட்கார்ந்த அதே அச்சு. எபிரேயச் சங்கீத வசனம் இரண்டு பாதியாக நடக்கும், ஒன்று சொல்லும், மற்றது திருப்பிச் சொல்லும் அல்லது பதில் சொல்லும். மைல்ஸ் கவர்டேலின் 16ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பு இங்கிலாந்துத் திருச்சபையின் 1662 ஜெபப் புத்தகத்தில் இடம்பெற்று, மாதம் 30 நாளும் காலை மாலை என்று பங்கிடப்பட்டது. 15ஆம் தேதி மாலைக்கு 78ஆம் சங்கீதம் மட்டுமே 70க்கும் மேற்பட்ட வசனம். அதைப் பாடி வளர்ந்த காது, அந்தக் கார்டுகள் கேட்டதும் பக்தியோடு நிமிர்ந்து உட்காரும். அப்படி நிமிர்ந்த காதுக்குள் கொதிநீரின் அளவு வந்து விழும்போதுதான் சிரிப்பு.

இனி பாயின்டிங். எந்த அசை எந்தச் சுரத்தில் விழவேண்டும் என்று வரியில் கோடு போடுவது. செங்குத்துக் கோடு பார் எல்லை. ஒரு பாரில் இரண்டுக்கு மேல் அசை இருந்தால், எங்கே சுரம் மாறுகிறது என்று நடுவில் ஒரு புள்ளி. வசனத்தின் நடுவில் முக்காற்புள்ளி. நூடுல்ஸ் டப்பாவில் இருக்கும் மாதிரியான ஒரு ஆங்கில வரியை எடுத்துக்கொள்வோம்:

போர் பாயிலிங் வாட்டர் | அப் • டு த | லைன் : அண்ட் லீவ் இட் டு ஸ்டாண்ட் ஃபார் | ஃபோர் டு | ஃபைவ் — | மினிட்ஸ்

வாயால் சொல்லிப் பாருங்கள். முதல் பாதியில் ஓதும் சுரத்தில் ஐந்து அசை. பிறகு ‘அப்’ ஒரு சுரம், ‘டு த’ சேர்ந்து அடுத்த சுரம், ‘லைன்’ முடிவு. இரண்டாம் பாதியில் ‘ஃபோர்’, ‘ஃபைவ்’, ‘மினிட்ஸ்’ மூன்றின் தலையிலும் பாரின் முதல் சுரம் வருகிறது. ஆங்கிலம் பேசும்போது அழுத்தம் விழுவதும் அங்கேதான். ‘ஃபைவ்’ ஒன்றே இரண்டு சுரம் இழுக்கிறது, அந்தக் கோடு அதற்குத்தான். அதில் ‘ஆ’வை இரண்டு சுரத்துக்கும் திறந்தே வைத்து, ‘இ’யைக் கடைசி நொடியில் மூடவேண்டும். முன்கூட்டியே மூடினால் ஈ என்று இளித்ததுபோல் இருக்கும். கடைசி ‘மினிட்ஸ்’ இரண்டு அசை, இரண்டும் ஒரே சுரத்தில், இரண்டாவது மெலிந்து.

இதையே கடைசியிலிருந்து அசையை எண்ணிக் கோடு போட்டால் என்ன ஆகும்?

அண்ட் லீவ் இட் டு ஸ்டாண்ட் | ஃபார் ஃபோர் | டு ஃபைவ் | மினிட்ஸ்

கணக்கு சரி, பாட்டு செத்துப்போச்சு. ‘ஃபார்’, ‘டு’ என்ற ஒன்றுமில்லாத சொற்கள் பாரின் தலையில் ஏறி உட்கார்ந்து, நிமிடக் கணக்கு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. கேட்கிறவருக்குப் பொருள் எட்டாது, பொருள் எட்டாவிட்டால் சிரிப்பும் இல்லை. நான் கேட்ட மோசமான பதிவுகளில் பத்துக்கு எட்டு இந்தத் தப்பில்தான் விழுந்திருக்கின்றன. கோடு போடுவதற்கு முன் வரியைச் சத்தமாக வாசித்து, அழுத்தம் விழும் அசைக்குக் கீழே பென்சிலால் கோடிடுங்கள். கடைசி மூன்று அழுத்தங்களைப் பாரின் தலைக்குக் கொண்டுவாருங்கள். மீதி எல்லாம் ஓதும் சுரத்துக்குப் போகட்டும்.

எந்த உரை பொருந்தும்? ‘இப்படி ஆனால் : இதைச் செய்’ என்று இரண்டாக உடையும் உரை எல்லாம் பொருந்தும். எச்சரிக்கைகள், விதிகள், செய்முறைகள். ஏற்கெனவே எதுகை மோனையோடு எழுதிய விளம்பரம் பொருந்தாது, அதற்கென்று ஒரு தாளம் இருப்பதால் சான்ட்டோடு மல்லுக்கு நிற்கும். அட்டவணைகள் அருமையாக வரும், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஹைவே கோடில் வண்டி நிற்கப் பிடிக்கும் தூரம் இருக்கிறது: மணிக்கு 30 மைலில் 75 அடி, 40இல் 120, 50இல் 175, 60இல் 240, 70இல் 315. ஒவ்வொரு வசனமும் ஒரே அச்சில் வந்து, வேகம் ஏற ஏறத் தூரம் எகிறுகிறது. தீர்க்கதரிசி வாயிலிருந்து வருவதுபோல் இருக்கும். ‘ஃபீட்’ என்ற ஒற்றை அசை கடைசிச் சுரத்தில் உறுதியாக இறங்கும். மீட்டரில் பாடினால் முடிவு இரண்டு அசையாகித் தளர்ந்துவிடும். அதனால் அடிக்கணக்கையே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

பிபிசி ரேடியோ 4இன் கப்பல் வானிலை அறிக்கையைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் முடியாது. பிரிட்டனைச் சுற்றி 31 கடற்பகுதி, வைக்கிங் என்ற பகுதியில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் சுற்றி வரும். 350 சொல்லுக்குள் சொல்லி முடிக்கவேண்டும் என்ற கட்டு இருப்பதால் ஒரு சொல்கூட வீண் இல்லை. அதன் வரிசை மாறாது: இடம், காற்று, வானிலை, பார்வைத்தூரம். அதை வைத்து இப்படி ஒரு வசனம் கட்டலாம்:

டாகர், ஃபிஷர், | ஜெர்மன் | பைட் : சவுத்வெஸ்ட் ஃபோர் ஆர் ஃபைவ், ரெய்ன் லேட்டர், | குட் அ|கேஷ • னலி | புவர்

‘ஜெர்மன் பைட்’ முதல் பாதியின் முடிவில் வைத்துத் தைத்ததுபோல் உட்காருகிறது. இரண்டாம் பாதியில் ‘அக்கேஷனலி’ என்ற சொல் நடுவில் உடைந்து, ‘அ’ முந்தைய பாரின் வாலிலும் ‘கே’ அடுத்த பாரின் தலையிலும் விழுகிறது. சொல் பாரைத் தாண்டுவது சான்ட்டில் சாதாரணம், பாடும்போது ஒட்டிப் பாடவேண்டும், கோட்டைப் பார்த்து மூச்சு விடக்கூடாது. ‘புவர்’ (பார்வைத்தூரம் மோசம்) என்று அந்தக் கடைசிக் கார்டில் நாலு குரலும் இறங்கும்போது, கடலில் இருக்கும் யாருக்காகவோ ஜெபிப்பதுபோலவே இருக்கும். இருக்கட்டும். அது நிஜமாகவே கடலில் இருப்பவர்களுக்காகச் சொல்லப்படும் அறிக்கை.

இதில் ஒரு பொறி உண்டு. ஒரே ஒரு இடப்பெயரை வைத்து வசனம் அமைத்தால் முதல் பாதியில் ஓத ஒன்றும் இருக்காது. ‘டோவர்’ என்ற இரண்டு அசையை நாலு கார்டில் எப்படி விரிப்பது? கீர்த்தனை மாதிரி இழுபட்டு, சான்ட்டின் குணமே போய்விடும். இரண்டு மூன்று பகுதிகளை ஒரு வசனமாகச் சேருங்கள், அறிக்கையிலேயே பல பகுதிகள் அப்படிச் சேர்ந்துதான் வரும். எதிர்ப்பக்கம், ஓதும் சுரத்தில் 20 அசைக்கு மேல் போனால் காது தூங்கிவிடும். அங்கே வசனத்தை இரண்டாக வெட்டவேண்டும்.

இரட்டைச் சான்ட்டுக்கு வசன எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டும். ஒற்றைப்படை ஆனால் ஒரு வசனத்துக்கு இரண்டாம் பகுதியை மட்டும் திரும்பப் பாடவேண்டும். கடைசி வசனம் கையில் மிஞ்சியது என்பதற்காக அங்கேயே போடாதீர்கள். பொருள் முந்தைய வசனத்தோடு ஒட்டிவரும் இடமாகப் பார்த்துப் போடுங்கள். சங்கீதப் புத்தகங்களும் அப்படித்தான் செய்கின்றன.

மெட்டுத் தேர்வில் அவசரம் கூடாது. டர்ல், வால்மிஸ்லி, எல்வி, பார்ன்பி என்று 19ஆம் நூற்றாண்டு ஆட்கள் எழுதியவை நிறைய, காப்புரிமைக் கவலையும் இல்லை. அனுமதிகளுக்குத் தெளிவாக ஒலிக்கும் மேஜர், தண்டனைக்கும் ஆபத்துக்கும் சோகமாக ஒலிக்கும் மைனர், அந்த ஒரு மாற்றம் போதும். நாலு வசனத்துக்கு ஒரு மெட்டு என்று மாற்றினால் நகைச்சுவைத் தொகுப்பு ஆகிவிடும், ஆராதனை போல இருக்காது. கதீட்ரலில் டெகனை, கன்டோரிஸ் என்று எதிரெதிரே உட்கார்ந்த இரு பக்கமும் மாறி மாறிப் பாடுவார்கள். விதியை ஒரு பக்கமும் மீறினால் வரும் விளைவை மறுபக்கமும் பாடினால் கேட்க அழகு. ஆர்கன் இருந்தால் வர்ணனை ஒரே ஒரு முறை. மூடுபனி வரும் வசனத்தில் ஆர்கன் ஒலியை அடக்கும் ஸ்வெல் பெட்டியை மூடி, நரம்புக் கருவி போல் ஒலிக்கும் மெல்லிய ஸ்ட்ரிங் ஸ்டாப் மட்டும் வைத்தால் போதும். எல்லா வசனத்திலும் இடி மின்னல் வேண்டாம்.

ஒத்திகையை இந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சம். முதலில் எல்லோரும் சேர்ந்து உரையைப் பேச்சு வேகத்தில் வாசிக்கவேண்டும், பாடாமல், ஒன்றாக, முக்காற்புள்ளியில் ஒரே மூச்சு. அது ஒட்டும்வரை மெட்டுப் பக்கம் போகாதீர்கள். அடுத்து முழு உரையும் ஒரே சுருதியில். பிறகுதான் நாலு குரல். இந்த வரிசையைத் தாண்டினால், ஓதும் சுரத்தில் கடகடவென்று ஓடி, முடிவுக் கார்டுகளில் திம் திம் என்று இடிக்கும் வியாதி வரும். 19ஆம் நூற்றாண்டுக் குவையர்களைப் பிடித்திருந்த வியாதி அது. ஆங்கிலேயர்களே அதற்கு ‘ஆங்கிலிக்கன் தம்ப்’ (தம்ப் என்றால் இடி) என்று பெயர் வைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டில் பேச்சு நடையில் பாயின்டிங் செய்யத் தொடங்கியது அதைக் குணப்படுத்தத்தான். ஓதும் சுரமும் முடிவும் ஒரே வேகத்தில் நடக்கவேண்டும்.

இன்னொன்று சுருதி. ஆர்கன் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு வசனம் பாடினால் அரைச் சுரம் இறங்குவது சாதாரணம். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஓதும்போதுதான் இறங்குகிறது. அதிலும் சோப்ரானோ கார்டின் மூன்றாம் சுரத்தில் நின்றால் கட்டாயம் இறங்கும். ஒவ்வொரு அசையையும் புதிதாகத் தொடுவதாக நினைத்துப் பாடச் சொல்லுங்கள், நாலு வசனத்துக்கு ஒரு முறை சுருதி தரும் சிறு குழலான பிட்ச் பைப்பில் சரிபாருங்கள். ‘மினிட்ஸ்’ மாதிரி ஸ் ஒலியில் முடியும் சொற்களில் ஒரு குரலுக்கு ஒருவர் மட்டும் அந்த ஸ்-ஐச் சொன்னால் போதும். எல்லோரும் சொன்னால் குக்கர் விசில்.

கடைசியில் குளோரியா பாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். சங்கீதத்தின் முடிவில் வரும் அந்தத் துதி ஒரு ஜெபம், அதை டப்பா வாசகத்துக்கு வாலாக ஒட்டுவது சரியில்லை. மௌனமாக உட்கார்ந்தால் முடிவு இன்னும் நன்றாக இருக்கும்.

தமிழில் வருமா? ஆங்கிலிக்கன் வழியில் வந்த தமிழ்ச் சபைகளில் சான்ட் பாடிப் பழகியவர்களுக்கு இதன் சிக்கல் தெரியும். ஆங்கிலத்தைப்போல் தமிழில் ஓங்கி அழுத்தும் அசை இல்லை, குறில் நெடில்தான் கணக்கு. வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நீளமாக வந்து நிற்கும். ‘சங்கீர்த்தனம்பண்ணக்கடவோம்’ மாதிரி ஒரு சொல் வந்தால் முடிவுப் பார்கள் மூன்றையும் அதுவே விழுங்கிவிடும். ஆனால் மருந்து பாட்டில் நமக்கு ஒத்துழைக்கிறது:

பயன்படுத்துவதற்கு முன் | நன்றா • கக் கு|லுக்கவும் : குழந்தைகளுக்கு | எட் • டாத | இடத் • தில் | வைக்கவும்

‘குலுக்கவும்’ முழுவதையும் ஒரே சுரத்தில் வைத்தால் நாலு அசை நெரிசல். அதனால் ‘கு’வை முந்தைய பாருக்குத் தள்ளியிருக்கிறேன், குறில் என்பதால் அது அங்கே உறுத்தாது. ‘வைக்கவும்’ மூன்று அசை, முதலில் ஐகாரம், பின்னால் இரண்டு லேசானவை, கடைசிச் சுரத்தில் அப்படியே அடங்கும். ‘வும்’மை இழுக்காமல், உதட்டை மூடி ம் என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தவேண்டும்.