கும்பகருணனைப் பேசியதற்கா அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு பேச்சு?

ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில் தமிழ்ப் பேச்சுப் போட்டியில் நடந்ததைப் பற்றி நேற்றே எழுதியிருப்பேன். கோபம் அடங்கட்டும் என்று இருந்தேன். அடங்கவில்லை.

உயர்நிலை மூன்றில் படிக்கும் பிள்ளை. கும்பகருணனைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசினாள். முடித்ததும் நடுவர் மைக்கை வாங்கி, "அரக்கனுக்கு வக்காலத்து வேண்டாம்மா, நல்லவன் யார் கெட்டவன் யார்னு தெளிவா பேசு" என்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

ஐயா, அவள் வக்காலத்து வாங்கவே இல்லை. கம்பன் பாடியதைத்தான் சொன்னாள். உறக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட கும்பகருணன் அண்ணனிடம் என்ன கேட்கிறான்? போர் வந்துவிட்டதா, சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்று. அவளை விட்டுவிடு, அதுதான் பிழைக்கும் வழி என்கிறான். இராவணன் சீறுகிறான். சரி, வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது என்று சொல்லிவிட்டுக் களத்துக்குப் போகிறான். அங்கே தம்பி வீடணன் வந்து இராமன் பக்கம் அழைத்தும், வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். தப்பென்று தெரிந்தே அந்தப் பக்கம் நின்று சாகிறான். இவனை நல்லவன், கெட்டவன் என்று ஒரு வரியில் முடிக்க முடியுமானால், கம்பன் பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டு எதற்குப் பாடினான்?

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஊரில் பெரியப்பா சீட்டாடி நிலத்தையெல்லாம் அழித்தார். நீ செய்தது அநியாயம் என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்னார். ஆனால் பெரியப்பா படுக்கையில் விழுந்தபோது லீவு போட்டு ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொண்டதும் அப்பாதான். கும்பகருணன் கதையைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் உடையும். அவரும் அரக்கனுக்கு வக்காலத்து வாங்கியவரா?

"பெண்ணைத் தூக்கிப்போனவனுக்கு என்ன பெருமை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இராவணன் செய்தது கொடுமை. கம்பனும் அவனை விட்டுவிடவில்லை. இறந்து கிடக்கும்போதும் முறை துறந்தவன் என்றே சொல்கிறான். ஆனால் அதே பாட்டில், அந்த முகங்கள் மும்மடங்கு பொலிந்தன என்றும் பாடுகிறான். இரண்டையும் சேர்த்துச் சொல்லும் துணிச்சல் அவனுக்கு இருந்தது. நமக்கு ஏன் இல்லை?

"பக்திக் காவியத்தை இப்படி அலசலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் வரிசையில் நிற்பவன் நான். என் பக்தியை யாரும் அளக்க வேண்டாம். கம்பனைவிடப் பெரிய ராம பக்தரா நீங்கள்?

பிள்ளைகள் குழம்பிவிடுவார்களாம். குழம்பட்டுமே! குழம்பியதால்தானே அவள் அந்தப் பாட்டுகளைத் தேடிப் படித்திருக்கிறாள். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பனை மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பிள்ளை கிடைத்தால் அவளை மேடையிலேயே குறுகிப்போக வைக்கிறோம். அப்புறம் ஏப்ரலில் தமிழ்மொழி விழாவில் நின்று, இளையர்கள் வருவதில்லையே என்று புலம்புகிறோம்.

ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால் ஒன்று கேட்கிறேன். மதிப்பெண்ணை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஃபோன் போட்டு, மேடையில் சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். நடுவரே பேசினால் இன்னும் நல்லது.