புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் யாருக்கு வக்கீலுங்க?

திருப்பூர்ல லைன் வீடு, சரவணம்பட்டிப் பக்கம் ரெண்டு போர்ஷன் வீடுன்னு வாடகைக்கு விட முதல் தடவையா சொத்து வாங்கறவங்களைப் பார்த்தா வயிறு எரியுதுங்க. ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்கறவங்க, அறுபது எழுபது லட்சம் போடற எடத்துல வக்கீல், பத்திர எழுத்தர், இன்ஜினியர் எல்லாரையும் புரோக்கர் கையிலயே விட்டுடறாங்க. கிரயம் முடிஞ்சாத்தான் அவருக்கு கமிஷன். அவரோட வக்கீல் "இந்தச் சொத்து வேண்டாங்க"ன்னு எப்படிச் சொல்லுவாரு?

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சுங்கண்ணா, சுத்தமா இருக்கு." இந்தப் பேச்சுலதான் விழறாங்க. வில்லங்கச் சான்றுல பதிவானது மட்டுந்தான் வரும். பதியாத உயில் வராது. பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்துல பொண்ணுங்க பங்கு வராது. பூர்வீகச் சொத்துல பொண்ணுங்களுக்கும் சம பங்குன்னு 2005ல சட்டம் வந்ததுக்கு அப்புறமும் பசங்க மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை நம்பி வாங்கினா, கட்டிக் கொடுத்த அக்கா ஒருத்தர் ஊத்துக்குளியில இருந்து கேஸ் போடலாமுங்க, தப்பே இல்லை. வாரிசுச் சான்றுல இருக்கற பேரையும் பத்திரத்துல இருக்கற கையெழுத்தையும் ஒவ்வொண்ணா ஒத்துப் பார்க்கற வக்கீல் வேணும். மூலப்பத்திரத்துக்கு ஜெராக்ஸ் காட்டினா ஒரிஜினல் எங்கேன்னு கேக்கணும். பேங்க்ல அடமானமா கிடக்கலாம். இதெல்லாம் அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி. கொடுத்துட்டு வக்கீலைத் தேடி என்ன புண்ணியம்?

இன்ஜினியரும் விலை பேசறதுக்கு முன்னாடியே வரணும். பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கற சீலிங்கை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க. புதுப் பெயிண்ட் அங்க மட்டும் அடிச்சிருந்தா சந்தேகப்படணும். தட்டினா பொத்துன்னு கேட்டா பூச்சு விட்டிருக்கு, உள்ளே கம்பி துருப்பிடிச்சிருக்கலாம். அப்ரூவல் பிளான்ல ஒரு மாடி, நேர்ல ரெண்டு மாடின்னா அந்த மேல்மாடிக்கு விலையே பேசாதீங்க.

ஆடிட்டரை எல்லாரும் மறந்தே போறாங்க. 50 லட்சமோ அதுக்கு மேலயோ விலைன்னா 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது விக்கறவருக்குக் கொடுக்கற பணத்துலயே பிடிக்கற வருமான வரி, பிடிச்சுக் கட்டவேண்டியது வாங்கறவர் பொறுப்பு. விக்கறவர் துபாய்ல குடியிருந்தா சட்டமே வேற, அந்த 50 லட்சக் கணக்கு செல்லாது, பிடிக்கறதும் ரொம்ப அதிகம்.

பிளம்பர் உள்ளூர்க்காரரா இருக்கட்டும். போர் தண்ணி உப்புல வால்வு இறுகிப் போகும்னு அவருக்குத்தான் தெரியும். போர்ஷனுக்கு ஒரு வால்வு வைக்கலைன்னா, ஒரு வீட்டுல குழாய் உடைஞ்சா எல்லா வீட்டுக்கும் தண்ணி நிக்கும்.

வாடகை அக்ரிமெண்டுக்கு ஜெராக்ஸ் கடை ஃபாரம் போதும், "பதினோரு மாசம்னா பதியவே வேண்டாம்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. தமிழ்நாட்டுல புது வாடகைச் சட்டம் அமலுக்கு வந்த 2019 பிப்ரவரி 22ல இருந்து எத்தனை மாசத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரிகிட்டப் பதியணுமுங்க. உங்க வக்கீல்கிட்ட முதல் நாளே இதையும் கேட்டு வைங்க.