533 முறை தன்னை விட்டுக்கொடுத்தவர்

ஜப்பான் பேஸ்பாலில் உலக சாதனை என்றாலே ஓ சதஹாருவின் 868 ஹோம் ரன்களை (மைதான எல்லைக்கு வெளியே பறக்கும் அடிகளை)த்தான் சொல்வார்கள். அதே யோமியூரி ஜயண்ட்ஸ் அணி வளர்த்த ஒரு ஷார்ட்ஸ்டாப்பின் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் தடுப்பாட்டக்காரரின்) பெயரிலும் ஓர் உலக சாதனை இருக்கிறது. கவாய் மசாஹிரோ, 533 தியாக பன்ட். என் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

தியாக பன்ட் என்றால் என்ன என்று, கிரிக்கெட் மட்டுமே பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பேஸ் என்பது ஓடிச் சேர வேண்டிய இடம்; நான்கையும் சுற்றி வந்தால் ஒரு ரன். முதல் பேஸில் நம் ஆள் நிற்கிறார். பேட்டர் பேட்டை வீசாமல் குறுக்கே பிடித்து, பந்தைத் தரையில் மெல்ல உருட்டிவிடுகிறார். எதிரணி அதை எடுத்து அவரை அவுட் ஆக்குவதற்குள் முன்னால் நின்றவர் இரண்டாம் பேஸுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான்.

பார்க்கச் சுலபம். ஆனால் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தின் வேகத்தை பேட்டிலேயே சாகடிக்க வேண்டும். கொஞ்சம் மேலெழும்பினால் கேட்ச். கொஞ்சம் வேகமாக உருண்டால் இரண்டு பேருமே அவுட். இரண்டாம் பேஸில் ஆள் இருந்தால், மூன்றாம் பேஸ்காரர் தன் இடத்தை விட்டு ஓடிவந்து எடுக்கும்படி அவர் பக்கமாக உருட்ட வேண்டும். 1991இல் மட்டும் கவாய் இதை 66 முறை செய்தார்.

இப்போதைய புள்ளிவிவரக்காரர்கள் பன்ட்டை வீண் என்கிறார்கள். ஒரு அவுட்டைக் கொடுத்து ஒரு பேஸ் வாங்குவது சராசரியில் நஷ்டம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அதை வைத்து கவாயின் வாழ்க்கையை எடைபோடுவதை என்னால் ஏற்க முடியாது. பன்ட் போடச் சொல்வது மேலாளரின் முடிவு. சொன்னதைப் பிசகாமல் செய்து முடிப்பது ஆட்டக்காரரின் திறமை. அந்தத் திறமையில் அவருக்கு நிகர் யாரும் இல்லை. பேட் பிடிக்கத் தெரியாமல் பன்ட் போட்டவரும் இல்லை. 1994இல் அவர் பேட்டிங் சராசரி .302, அதாவது பத்து வாய்ப்பில் சுமார் மூன்று ஹிட்.

ஒகாயாமாவில் பள்ளிப் பருவத்தில் அவர் பந்து வீசுபவர். 1982 டிராஃப்டில், அதாவது அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஜயண்ட்ஸ் அவரை நான்காவது சுற்றில்தான் எடுத்தது. நட்சத்திரங்கள் நிரம்பிய ஜயண்ட்ஸில் இன்ஃபீல்டராக (பேஸ்களை ஒட்டி நிற்கும் தடுப்பாட்டக்காரராக) மாறி, தடுப்பாட்டத்தையும் பன்ட்டையும் வைத்தே இடம் பிடித்தார். சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டன் கிளவ் விருதை ஆறு முறை வாங்கினார். 2003 ஆகஸ்டில் அமெரிக்க ஆட்டக்காரர் எடி காலின்ஸின் 511 தியாக பன்ட் என்ற பழைய உலக சாதனையைத் தாண்டினார்.

அந்த ஆண்டோடு ஓய்வு பெற்று, ஜயண்ட்ஸ் மேலாளர் ஹரா தட்சுனோரியின் கீழ் பயிற்சியாளராவதாக இருந்தது. ஹரா பதவி விலகியதும் ஓய்வு முடிவை மாற்றிக்கொண்டார். 39 வயதில், இருபது வருட அணியை விட்டு, சூனிச்சி டிராகன்ஸில் தேர்வு ஆட்டம் ஆடிச் சேர்ந்தார். எத்தனை பேருக்கு இந்தத் துணிச்சல் வரும்? மேலாளர் ஒச்சியாய் ஹிரோமிட்சுவின் அந்த அணி 2004இலும் 2006இலும் சென்ட்ரல் லீக்கை (ஜப்பானின் இரண்டு தொழில்முறை லீக்குகளில் ஒன்றை) வென்றது. 2006 முடிவில்தான் ஆட்டத்தை நிறுத்தினார்.

பிறகு சூனிச்சியில் பயிற்சியாளர். 2011இல் ஜயண்ட்ஸுக்குத் திரும்பி இரண்டாம் அணியையும், பின்னர் மூன்றாம் அணியையும் நடத்தினார். கேமராக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத மைதானங்கள் அவை. 2024இல், அறுபது வயதை எட்டிய ஆண்டில், முதல் அணியின் இன்ஃபீல்ட் தடுப்புப் பயிற்சியாளராக நின்றார். ஜயண்ட்ஸ் லீக்கை வென்றது. இரண்டாம் பேஸில் யோஷிகாவா நவோகி, ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து மூன்றாம் பேஸுக்கு மாறிய சகமோட்டோ ஹயாட்டோ, இருவருக்கும் கோல்டன் கிளவ். அந்த ஆண்டு கோப்பையைப் பற்றி எழுதியவர்கள் இவர் பெயரையும் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.