தளை தட்டுது சார்

அந்தக் காணொளியை இதுவரை பதினொரு பேர் இன்பாக்ஸில் அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். நூல் வெளியீட்டு மேடையில் ஓர் எழுத்தாளர், சால்வை, மைக். "பத்தாங்கிளாஸோட எனக்கு சயின்ஸ் முடிஞ்சுது, தப்பிச்சேன், அதனாலதான் எழுத்தாளன் ஆனேன்." கைதட்டல். அடுத்த பத்து நிமிஷத்தில் அதே வாயில் குவாண்டம், "உறவுகளின் என்ட்ரோபி" (என்ட்ரோபி என்பது ஆற்றல் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்பதன் அளவு), போதாக்குறைக்கு "ஔவை அன்னைக்கே அணுவைப் பிளந்துட்டா". அதற்கும் கைதட்டல்.

அறிவியல் தெரியாதது குற்றமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வருவீர்கள். தெரியாததை மெடல் மாதிரி குத்திக்கொண்டு நிற்பதுதான் எரிச்சல். அதே மேடையில் ஓர் இயற்பியல் பேராசிரியர், "எனக்கு ஒரு குறள்கூடத் தெரியாது, நல்லவேளை" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மைக்கைப் பிடுங்கியிருப்பீர்கள். ஒருவருக்கு அவமானம், இன்னொருவருக்குச் சால்வையா?

இது பழைய சண்டை. 1959 மே 7, கேம்பிரிட்ஜ். கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து, பிறகு நாவல் எழுதப் போன சி. பி. ஸ்னோ ஓர் உரையில் இதைத்தான் கேட்டார். அறிவியல்காரர்களுக்குப் படிப்பறிவில்லை என்று விருந்துகளில் சிரித்துக்கொண்டிருந்த இலக்கியவாதிகளிடம், வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தெரியுமா என்றாராம். மேஜையில் சத்தமே இல்லை. "ஷேக்ஸ்பியர் படித்திருக்கிறாயா" என்பதற்குச் சமமான கேள்விதான் அது என்றார். 1962இல் இலக்கிய விமர்சகர் எஃப். ஆர். லீவிஸ் அதற்குப் பதில் சொல்ல வந்தார். விதியைப் பற்றிப் பேசியதைவிட, ஸ்னோ நாவலாசிரியரே இல்லை என்று நிரூபிப்பதில்தான் மும்முரமாக இருந்தார். நம் பின்னூட்டப் பெட்டிக்கு அப்போதே அடிக்கல் நாட்டியாகிவிட்டது.

அந்த இரண்டாம் விதி, அதாவது என்ட்ரோபி பற்றிப் பேசும் விதி, அப்படி என்ன மலையா? எங்கள் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கேளுங்கள். போன மே மாதம் எதிர்வீட்டு அம்மா, ஏசி இல்லையே என்று ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். "அக்கா, மூடுங்க, ரூம் இன்னும் சூடாவும்" என்றார் மெக்கானிக். ஏன்? வெப்பம் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தானாகப் போகாது. தள்ளிவிடக் கூலி கொடுக்க வேண்டும். கம்ப்ரெசர் 100 ஜூல் மின்சாரம் தின்று உள்ளேயிருந்து 200 ஜூல் வெப்பத்தை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கக் கம்பிச்சுருள் வழியாக வெளியே கொட்டுவது 300, கூலியும் சேர்த்து. கதவு திறந்திருந்தால் எடுப்பதும் இதே அறையில், கொட்டுவதும் இதே அறையில். மிச்சம் 100 ஜூல் சூடு, கூடவே கரண்ட் பில். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் சுருளில் தூசி படிந்தாலும் கொட்ட வழியில்லாமல் கம்ப்ரெசர் ஓடிக்கொண்டே இருக்கும். "நாலு இஞ்ச் தள்ளி வைங்க, பின்னால பிரஷ் போடுங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவருக்கு யாரும் சால்வை போடவில்லை.

"உறவுகளின் என்ட்ரோபி என்பது உருவகம் சார், உங்களுக்குக் கவிதை மனசு கிடையாது." இது அந்தப் பேச்சைக் குறைசொல்லி நான் நேற்றுப் போட்ட நான்கு வரிப் பின்னூட்டத்துக்கு வந்த பதில். நூற்றிச்சொச்சம் லைக். பரவாயில்லை. ஆனால் உருவகம் வேலை செய்ய வேண்டுமென்றால் உருவகப் பொருள் கையில் இருக்க வேண்டாமா? கயல் போன்ற கண் என்று பாடியவன் கயலைப் பார்த்திருந்தான். குறுந்தொகையில் "கருங்கோற் குறிஞ்சி" என்று ஒருவர் எழுதுகிறார். பூ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். தண்டு கருப்பு என்று பார்த்து வைத்திருக்கிறார், அதில் தேனீ பெருந்தேன் இழைப்பதையும் சேர்த்து. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூவை வரிசையாகப் பேர் சொல்லி அடுக்குகிறார். பத்தாங்கிளாஸோடு தப்பித்தேன் என்று அவர்கள் யாரும் சொல்லவில்லை.

அந்த அணு விவகாரத்துக்கு வருகிறேன். "அணுவைத் துளைத்தேழ் கடலைப் புகட்டிக் குறுகத் தறித்த குறள்." திருவள்ளுவமாலையில் ஔவை பெயரில் வருவது. குறளின் சுருக்கத்துக்குச் சொன்ன பாராட்டு. இதைவிடச் சிறிது எதுவுமில்லை என்று நினைக்கக்கூடிய ஒன்று, அதில் ஒரு துளை, அந்தத் துளைக்குள் ஏழு கடல். அதுதான் பாட்டின் அழகே. அணுக்கரு நிஜமாகப் பிளந்த கதை வேறு. 1938 டிசம்பரில் பெர்லினில் ஹான், ஸ்ட்ராஸ்மன் என்ற வேதியியலாளர்கள் யுரேனியத்தின் மேல் நியூட்ரானை ஏவி, உள்ளே அதைவிட மிக லேசான பேரியம் கிடப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள். யாரும் எதையும் துளைக்கவில்லை. நியூட்ரானை விழுங்கிய கரு நீர்த்துளி மாதிரி நெளிந்து இரண்டாகப் போய்விட்டது என்று விளக்கியவர்கள் இயற்பியலாளர்கள் லீஸ மைட்னரும் ஃப்ரிஷ்ஷும். நாம் பிற்காலத்தில் ஆங்கில 'ஆட்டம்' (atom) என்ற சொல்லுக்கு 'அணு' என்று பேர் வைத்தோம், அவ்வளவுதான் தொடர்பு. இரண்டையும் முடிச்சுப் போட்டால் இயற்பியலும் போச்சு, ஔவையும் போச்சு. அணுவுக்குள் இன்னும் சின்னது இருக்கிறது என்று தெரிந்தவர் அந்தப் பாட்டை ஏன் எழுதப்போகிறார்?

"அறிவியல்காரன் மட்டும் யோக்கியமா?" கேட்பீர்கள் என்று தெரியும். இல்லை. "கவிதையா, அது ஃபீலிங் சார், எதுவேணா எழுதலாம்" என்கிற பொறியாளர்கள் என் நட்புப் பட்டியலிலேயே நாற்பது பேர். அவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அகர, முதல, எழுத்தெல்லாம், ஆதி, பகவன், முதற்றே, உலகு. ஏழு சீர், ஆறு இணைப்பு. அந்த இணைப்புக்குப் பேர்தான் தளை. தனிக் குறிலோ நெடிலோ வந்தால் நேர், குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தால் நிரை, பின்னால் புள்ளி எழுத்து வந்தாலும் கணக்கு மாறாது. இப்படி இரண்டு அசை வந்து நேரில் முடிந்தால் மாச்சீர், மூன்று அசை வந்து நேரில் முடிந்தால் காய்ச்சீர். மாச்சீர் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், காய்ச்சீர் முடிந்தால் நேரில். அகர புளிமா (நிரை நேர்), அடுத்து 'முத' நிரை, சரி. எழுத்தெல்லாம் புளிமாங்காய் (நிரை நேர் நேர்), அடுத்து 'ஆ' நேர், சரி. இப்படி ஐந்து இடத்தில் மா முன் நிரை, ஓரிடத்தில் காய் முன் நேர், கடைசிச் சீர் 'பிறப்பு' வாய்பாடு, வெண்பா முடிய அனுமதித்தவற்றில் ஒன்று. எழுத்தெல்லாம் என்பதை எழுத்து என்று ஆக்கிப் பாருங்கள். அது புளிமா ஆகிவிடும், அடுத்து ஆதி நேரில் தொடங்கும், தளை தட்டும், அதாவது இணைப்பு விதி உடையும். உங்கள் கோடில் ஒரு கமா விட்டுப்போனால் கம்பைலர் கத்துகிறதே, அதே கத்தல்தான். இதற்கு மேல் அவர்களைத் திட்டப்போவதில்லை. அவர்கள் பெரும்பாலும் கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள், மேடையேறிக் கொண்டாடுவதில்லை. ஒருதலைப்பட்சம் என்பீர்கள். ஆமாம், இன்றைக்கு அப்படித்தான்.

பிரிவு இயற்கையானது என்கிற கதையையும் விடுங்கள். 1983இல் இயற்பியல் நோபல் வாங்கிய சந்திரசேகரின் அம்மா சீதாலட்சுமி, நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். மகன் நட்சத்திரங்களோடு ஷேக்ஸ்பியரையும் பற்றி உரை நிகழ்த்தினார். பெ. நா. அப்புசாமி தொழிலால் வக்கீல். தமிழில் அறிவியல் எழுதினார், சங்கப் பாட்டை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார். இவர்கள் யாருக்கும் எந்தப் பக்கம் என்று யாரும் பட்டை கட்டவில்லை. நாம்தான் பதினோராம் வகுப்பில் பதினைந்து வயசுப் பிள்ளையை வரிசையில் நிறுத்தி, மார்க் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப், இல்லாவிட்டால் இலக்கியம் படி என்று அனுப்புகிறோம். மார்க் குறைந்தவன் போகும் இடமாக இலக்கியத்தை வைத்தது யார்? அந்த மேடைக்காரரின் கோபம் எங்கேயிருந்து வருகிறது என்று இதை எழுதும்போதுதான் எனக்கே லேசாகப் புரிகிறது. அதற்காக என்ட்ரோபியை விட்டுக்கொடுக்க முடியாது.

எழுத்தாளரை அவமதித்துவிட்டேன் என்று கிளம்பும் அன்பர்களுக்கு: அவர் நாவல்கள் நல்ல நாவல்கள், அதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'கவிதை மனசு கிடையாது' கோஷ்டிக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். இந்த முறை வெண்பாவில் திட்டுங்கள். தளை தட்டாமல் இருந்தால் மேலே பின் (pin) செய்து வைக்கிறேன், தட்டினால் அழித்துவிடுவேன்.