கால்கட்டுப் போட்டால் பொறுப்பு வந்துவிடுமா?

எங்கள் பக்கம் ஒரு பையன் ஊர் சுற்றினால், குடித்தால், பழைய கடன் இருக்கும்போதே புது வண்டி எடுத்தால், வீட்டில் சொல்லும் ஒரே வைத்தியம், "ஒரு கால்கட்டைப் போட்டுட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்பதுதான். தர்மபுரி மாவட்டத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலையில் இருந்து இந்த வசனம் காதில் விழும். சரியாகாவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. முப்பது வருஷம் பெற்றோரால் திருத்த முடியாத ஒருவனை, அவனை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், நகையும் சீரும் வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறோம். நல்ல வியாபாரம்.

இப்போது அந்த வைத்தியமும் நடப்பதில்லை. பெண் கிடைப்பதில்லை. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 946 பெண்கள். மாநிலத்துக்கு 996. பெண் சிசுக்களைக் காப்பாற்ற 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கி, அப்புறம் நம் மாவட்டத்துக்கும் வந்தது எதற்காக என்று நம் பெரியவர்களுக்கு நன்றாகவே தெரியும். அன்று தப்பிப் பிழைக்காத பிள்ளைகளுக்கு இன்று முப்பது, முப்பத்தைந்து வயது ஆகியிருக்கும். "என் மகனுக்கு ஒரு பொண்ணு அமையலையே" என்று புலம்புகிற சில வீடுகளில் எனக்கு வாயைத் திறக்கவே பிடிப்பதில்லை.

சரி, அது பெரிய கதை. நான் சொல்ல வந்தது பாலக்கோடு பக்கத்தில் இருக்கும் என் நண்பன் ஒருவனைப் பற்றி. ஊர்ப் பெயர் வேண்டாம். முப்பத்து நான்கு வயது. இன்ஜினியரிங் படித்து, அரியரை முடிக்காமல் விட்டவன். அப்பாவின் இரண்டு ஏக்கரில் தக்காளி, ஓரத்தில் நாலு மாமரம். சொந்தமாக ஒரு டாடா ஏஸ், மண்டிக்குத் தக்காளி ஏற்ற. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது கையில் வந்த பணத்தில் நிலத்துக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய்கூடப் போடவில்லை. ஒரு டியூக் வண்டிக்கு முன்பணம் கட்டினான். அப்புறம் விலை விழுந்து, பறிக்கிற கூலிகூடத் தேறாமல் பழத்தை மாட்டுக்குக் கொட்டியபோது, வண்டித் தவணையை அவன் அம்மா பால் ஊற்றிய காசில் கட்டினாள். சாப்பிட்ட தட்டை அவன் எடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. நண்பர்கள் பிறந்தநாளுக்கு ஃபிளெக்ஸ் வைப்பதென்றால் மட்டும் முதல் ஆளாக நிற்பான். நல்லவன்தான். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். ஆனால் அவனை நம்பி ஒரு அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப முடியாது. பாதி வழியில் போன் வந்தால் வேறு எங்காவது போய்விடுவான்.

இவன் மாறினான். ஆனால் கல்யாணத்தால் இல்லை. எதிர்வீட்டு நாலாம் வகுப்புப் பையனால்.

அந்தப் பையனின் அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, அம்மா ஒரு அப்பார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். பாலக்கோட்டில் பஸ் ஏறினால் ராயக்கோட்டை, ஓசூர் தாண்டிப் போய்விடலாம், பெரிய தூரம் இல்லை. ஆனால் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மாதம் ஒரு தடவை, இல்லையென்றால் பண்டிகைக்குத்தான் வருவார்கள். பையன் ஆயாவிடம் வளர்கிறான். ஆயாவுக்குக் காது மந்தம், கையில் பட்டன் போன். பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பசி ஒரு பெரிய பிரச்சினை இல்லை. 2023 ஆகஸ்டில் இருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவும் வந்துவிட்டது. பையன் பள்ளியில் உப்புமா சாப்பிடுவான், மதியம் சத்துணவு, ராத்திரி ஆயா கிண்டிய களி. சாயங்காலம் நாலு மணியில் இருந்து தூங்குகிற வரைக்கும் அவனிடம் பேச ஆள் கிடையாது. அதற்கு எந்தத் திட்டமும் இல்லை.

ஒரு நாள் இவன் வண்டியில் கிரேட் அடுக்கிக்கொண்டிருக்கும்போது பையன் வந்து நின்றிருக்கிறான். "அண்ணா, உங்க போன்ல எங்கம்மாவுக்கு வீடியோ கால் போட்டுத் தர்றீங்களா?" அவ்வளவுதான் ஆரம்பம். அம்மா எடுத்தவுடன் மகனிடம் பேசுவதற்கு முன்னால் இவனைத்தான் விசாரித்தாள். நீங்க யாரு, யாரு வீட்டுப் பையன், எங்க உட்கார்ந்திருக்கீங்க, ஆயா பக்கத்துல இருக்காங்களா? இவனுக்கு ரோஷம். "உதவி செய்யப் போனா போலீஸ் மாதிரி கேக்கறாங்கடா" என்று என்னிடம் வந்து பொருமினான். அவள் கேட்டதுதான் சரி என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அம்மாவுக்கு வேலை முடிந்து போன் எடுக்க முடிகிற நேரம் இரவு ஏழரை. தினமும் ஏழரை. இந்த ஏழரைதான் அவனைப் பிடித்தது. அதுவரைக்கும் அந்த நேரத்தில் அவன் இருக்கிற இடம் டாஸ்மாக். நாலு பேர் கூப்பிட்டால் போகாமல் இருக்கிற ஆள் இல்லை. ஆனால் இப்போது திண்ணையில் ஒருத்தன் ஹோம்வொர்க் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். குடித்துவிட்டுப் போனால் என்னடா என்று நாங்கள் கிண்டல் செய்தபோது, "போன்ல வாசனை வராது, பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு வருமில்ல" என்றான். அது அவனாகச் சொன்ன முதல் பொறுப்பான வாக்கியம் என்பது என் கணக்கு.

நடுவில் ஒரு நாள் வழுக்கினான். மாரண்டஅள்ளியில் ஏதோ கிரிக்கெட் டோர்னமென்ட், ஜெயித்த குஷி, ராத்திரி பத்து மணிக்குத்தான் வீடு வந்தான். மறுநாள் பையன் அழவில்லை, கோபித்துக்கொள்ளவில்லை. "நேத்து உங்க போன்ல சார்ஜ் இல்லையாண்ணா?" என்று மட்டும் கேட்டிருக்கிறான். இவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை, பையனே சாக்கையும் யோசித்து வைத்திருந்தான். இதைச் சொல்லும்போது நண்பன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

நான் இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு கேள்விக்காகத்தான். தனியாக வளர்கிற பிள்ளைகள் அடம்பிடிக்க மாட்டார்கள், கவனித்திருக்கிறீர்களா? "ரொம்ப பொறுப்பான பையன்" என்று நாம் மெச்சிக்கொள்வோம். அப்பா ஏன் இந்த மாதம் வரவில்லை, அம்மா ஏன் போனை எடுக்கவில்லை என்பதற்கெல்லாம் அவர்களே காரணம் கண்டுபிடித்துச் சமாதானமாகிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். பெரியவர்களை மன்னிப்பது ஒன்பது வயதில் செய்கிற வேலையா? ஒரு பக்கம் முப்பத்து நான்கு வயதிலும் அம்மா தட்டெடுக்கிற பையன், இன்னொரு பக்கம் ஒன்பது வயதில் பெரிய மனுஷன். இரண்டையும் உண்டாக்கியது நாம்தான்.

அதனால் இவன் திருந்தினான் என்பதைவிட எனக்குச் சந்தோஷம் தந்தது ஆயா சொன்ன குறைதான். "முன்னெல்லாம் வாயே தொறக்க மாட்டான், இப்ப நிப்பட்டு வாங்கித் தந்தாத்தான் படிப்பேன்னு கத்தறான், அந்தப் பையன் குடுக்கிற எடம்" என்று திட்டினாள். பையனுக்கு அடம்பிடிக்கிற தைரியம் வந்திருக்கிறது. இவனுக்கு வயசு ஏற ஏற, அவனுக்கு வயசு இறங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் ஒரு தடவை சின்னப் பிள்ளைகளோடு சண்டைபோட்டுச் சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தான். ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளுக்குள் சிரித்தேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "கல்யாணமாகாதவனுக்குச் சின்னப் பையனோட என்ன சகவாசம்?" என்று கேட்டார்கள். நிறையப் பேர் இங்கே நண்பனுக்குப் பரிந்துகொண்டு வருவீர்கள். நான் வரமாட்டேன். கேட்கத்தான் வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது; அந்தத் தீங்கைச் செய்கிறவர்களில் பலர் தெரிந்தவர்கள், நம்பியவர்கள்தான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நானே பள்ளியில் பேசியிருக்கிறேன். சந்தேகப்பட்டால் நல்லவன் மனசு புண்படும் என்கிறார்கள். புண்படட்டும், ஆறிவிடும். இவன் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் எனக்குப் பிடித்தது. பேசுவது எப்போதும் தெருவைப் பார்த்த திண்ணையில். சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் முன்கூட்டியே அம்மாவிடம் போனில் கேட்டுவிடுவான். பொங்கலுக்கு வந்த அப்பா இவனை ஓரமாக அழைத்துப்போய் ரொம்ப நேரம் பேசினார். என்ன பேசினார் என்று இவன் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் பேசினார் என்றான்.

இன்னொன்று. அரையாண்டுத் தேர்வு மார்க் கார்டில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பையன் நீட்டினான். மற்ற யாராக இருந்தாலும் பெருமையாகப் போட்டிருப்பார்கள். இவன் போடவில்லை. "உங்கப்பா வந்து போடட்டும், நான் உனக்கு அண்ணன்தான்" என்றான். டீச்சரிடம் போய், அப்பா அடுத்த வாரம் வருகிறார், அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டான். எது நம்முடையது, எது நம்முடையது இல்லை என்று தெரிகிறதே, அதற்கு மேல் ஒரு ஆம்பளையிடம் என்ன முதிர்ச்சி வேண்டும்?

எங்கள் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "வயசானா எல்லாரும் தானா திருந்துவாங்கப்பா, பையனுக்கு எதுக்கு இந்தப் பெருமை?" என்றார். எங்கள் தெருவிலேயே ஐம்பது தாண்டியும் திருந்தாதவர்களை வரிசையாகச் சொன்னேன். பேச்சை மாற்றிவிட்டார். இன்னொருவர் நேர்மாறாக, "அப்போ உருப்படாத பசங்க பக்கத்துல எல்லாம் ஒரு பிள்ளையை உட்கார வெச்சிடலாம்" என்றார். அது இன்னும் மோசம். பெண்ணை மருந்தாக்கியது போதாதென்று பிள்ளையையும் மருந்தாக்க வேண்டாம். இந்தப் பையன் யாரையும் திருத்த வரவில்லை, அம்மாவோடு பேச ஒரு போன் கேட்டு வந்தான். இவன் இடத்தில் வேறு ஒருவன் இருந்து, நாலு நாள் பேசிவிட்டு அலுத்துப்போய் விட்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இன்னொரு சாக்கு தேட வேண்டியிருந்திருக்கும். பிள்ளைகளோடு பழக ஆரம்பிப்பவர்கள் அதை யோசித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்த வருஷம் பையனை பெங்களூருக்கே கூட்டிப்போய்விடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. தமிழ் வழியில் படித்தவன் அங்கே கன்னடத்தோடு திண்டாடுவானே என்று அப்பாவுக்குப் பயம். அம்மாவுக்கு, என்ன திண்டாட்டமானாலும் கண் முன்னால் இருக்கட்டும் என்று ஆசை. நண்பனிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "அம்மாகூட இருக்கட்டும், கன்னடம் நாலு மாசத்துல வந்துடும்" என்று சொல்லிவிட்டான். அவனுக்குப் பையன் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் ஆசை, எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் காரிமங்கலத்தில் இருந்து ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. பெண் நர்சிங் படித்தவள், ஓசூரில் வேலை. தட்டு எடுக்கிறான், டியூக்கை விற்றுவிட்டான், குடியைக் குறைத்திருக்கிறான், முழுசாக விடவில்லை என்று பெண் வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குக் கடைசி விஷயத்தைச் சொல்ல மனசில்லை. பெண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்று நான் விடவில்லை, அவனும் சரி என்றான். பெண் பார்க்க அவர்கள் சொன்ன நேரம் சனிக்கிழமை சாயங்காலம் ஏழு. இவன் முடியாது என்றுவிட்டான். "பெத்தவளுக்கு இல்லாத மரியாதை அந்தப் பொடியனுக்கு" என்று அம்மா என்னிடம் வந்து ஒரு மூச்சு அழுதாள். நான்தான் பெண் வீட்டுக்குப் போன் போட்டு, மதியம் மூணு மணிக்கு மாற்றிக் கேட்டேன். காரணத்தையும் மறைக்காமல் சொன்னேன். மூணு மணியே வாங்க என்றார்கள்.