பழைய மதகின் படிக்கல்லைப் பெயர்க்காதீர்கள்

ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்னால் தூர்வாரும் வேலை தொடங்கினால், டெல்டாவில் முதலில் அடிபடுவது பாழடைந்த பழைய மதகுகள்தான். பலகை மக்கியிருக்கும். கதவை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டைப் பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். கரையைத் தாங்கும் இறக்கைச் சுவரை அரசமரம் பிளந்திருக்கும். "இனிமே இது எதுக்கு?" என்று பொக்லைன் ஒரே இழுப்பில் வாரிப் போட்டுவிடும். சுவர் போனால் போகிறது. அடியில் கிடக்கும் படிக்கல்லைத் தொடக் கூடாது என்பதுதான் என் வாதம்.

பலகையோ ஷட்டரோ இறங்கி உட்காரும் கல் அது. வாய்க்காலின் தரைமட்டத்தை ஒட்டித்தான் அதைப் பதித்திருப்பார்கள். ஆவணம் தொலைந்த வாய்க்காலுக்கும் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று அந்தக் கல் சொல்லும்.

ஆழமாக வெட்டினால் நல்லதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கல்லுக்கு மேல்புறம் தோண்டினால் அது வெறும் குழி, வரும் வண்டல் அதைத் தூர்த்துவிடும். கீழ்புறம் தோண்டினால் தண்ணீர் அருவிபோல் விழுந்து தளத்தின் அடிமண்ணை அரிக்கும், கட்டுமானமே தொங்கும். அதோடு அதே அளவு தண்ணீர் தாழ்ந்து ஓடும், கிளை வாய்க்கால் பிரியும் தலைப்புகள் தண்ணீர் எட்டாமல் மேலே நின்றுவிடும். கடைமடைக்காரர் மோட்டார் தேடுவது அப்போதுதான். வேதாரண்யம் பக்கத்து வடிகாலில் இதைச் செய்தால் கடல்நீர் உள்ளே ஏறும்.

இது புதுப் பாடமும் இல்லை. 1836-ல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தை மறித்தபின், காவிரிக்குக் கூடுதல் தண்ணீர் திரும்பி அதன் தரை அரித்து இறங்கத் தொடங்கியது. 1840-களில் காவிரித் தலைப்பின் குறுக்கே தரைமட்டச் சுவர் கட்டித்தான் அதை நிறுத்தினார்கள். படிக்கல் செய்வதும் சிறிய அளவில் அதே வேலை.

கல்லைக் கண்டுபிடிக்கக் கடப்பாரை போதும். இரண்டு பக்கச் சுவரிலும் பலகை இறங்கும் பள்ளம் தெரியும், அதன் நேர்கீழே வண்டலுக்குள் குத்திப் பாருங்கள். மண்ணில் இறங்கும் கடப்பாரை கல்லில் 'டங்' என்று நிற்கும். நாலு இடத்தில் குத்துங்கள், விழுந்த செங்கல்லும் ஏமாற்றும். பிறகு கொத்தனாரின் டியூப் லெவலை (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து, பக்கத்துப் பாலத்தின் கைப்பிடிச் சுவரிலிருந்து கல் எத்தனை அடி கீழே என்று அளந்து சுவரில் பெயிண்டால் எழுதிவிடுங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பாகும்.

எல்லா இடிபாட்டையும் "வெள்ளைக்காரன் காலத்து லாக்" என்று படம் போடுகிறார்கள். லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் அமைப்பு. படகு லாக் என்றால் முன்னும் பின்னும் இரண்டு கதவு வரிசை, நடுவே படகு நிற்குமளவு நீண்ட அறை, கதவு திறந்து ஒதுங்கச் சுவரில் குழிவு, இவ்வளவும் வேண்டும். ஒரே வரிசைப் பள்ளம் என்றால் அது மதகு.

மிஞ்சிய சுவரைக் காப்பாற்ற நினைப்பவர்கள் சிமெண்ட் பூசாதீர்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விட வேண்டும். சிமெண்ட் அடைத்தால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கி, செங்கல்லின் முகம் உதிரும். சுண்ணாம்பு, செங்கல்தூள், மணல் சேர்த்து அரைத்த காரையே பொருந்தும். அரசங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும், வெட்டி வேரைச் சாகடித்த பிறகே இடுக்கை அடைக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் இயந்திரத்தை இறக்கும் முன்பே பாசன உதவிப் பொறியாளரிடம் ஒரு மனு கொடுங்கள். படிக்கல் மட்டத்துக்குக் கீழே வெட்டக் கூடாது என்று அளவோடு எழுதி, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.